மன்னிப்புக்குப் பின் அகலிகை

அகலிகை கதையில் நடப்பது எல்லோருக்கும் தெரியும்: இந்திரனின் வஞ்சம், கௌதமரின் சாபம், இராமனின் வருகை, விமோசனம். கதையின் கரு இந்தச் சம்பவங்களுக்கு அடியில் இருக்கிறது. பிழை தங்குவது உடலிலா, மனத்திலா? பெரியவர்கள் மன்னித்துவிட்டால் அது போய்விடுமா? சம்பவங்களை ஒரு பத்தியில் சொல்லி முடித்துவிடலாம். கேள்வி அப்படி முடிவதில்லை. அதனால்தான் ஒரு புனைகதையில் கரு எப்படி வளர்கிறது என்று பார்க்க இந்தக் கதையைப்போல் வசதியானது தமிழில் குறைவு. ஒரே கேள்வியைப் பல கைகள் எடுத்து, ஒவ்வொன்றும் வேறோர் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கின்றன.

வால்மீகியின் அகலிகை, வந்தவன் இந்திரன் என்று அறிந்தே இணங்குகிறாள். தேவர்களின் அரசன் தன்னை நாடி வந்தது அவளுக்கு ஆவலைத் தருகிறது. அவள் பெறும் சாபத்தில் கல் கிடையாது. காற்றே உணவாக, சாம்பலில் கிடந்து, யார் கண்ணுக்கும் படாமல் ஆசிரமத்திலேயே நெடுங்காலம் தவம் இருக்க வேண்டும். இராமன் வந்ததும் சாபம் நீங்குகிறது. இராமனும் இலக்குவனும் அவள் கால்களைத் தொட்டு வணங்குகிறார்கள். தமிழ் வாசகருக்குப் பழகிய கல் வேறு வழியாக வருகிறது. பரிபாடலின் 19ஆம் பாடலில், திருப்பரங்குன்றத்துச் சித்திர மண்டபத்தில் மக்கள் ஓவியங்களைக் காட்டிப் பேசிக்கொள்கிறார்கள். பூனை உருவில் இந்திரன், அகலிகை, சினந்த கௌதமர், கல்லுருவான நிலை எல்லாம் அங்கே வரையப்பட்டிருக்கின்றன. கம்பனுக்கு மிகவும் முன்பே, கோயிலுக்குப் போய் வருவோர் கண்டு பேசும் அளவுக்குக் கல்லான அகலிகை இங்கே ஊன்றிவிட்டாள்.

கம்பன் அந்தக் கல்லை எடுத்துக்கொண்டு, இராமனின் திருவடித் துகளால் அதற்கு உயிர் தருகிறான். ஆனால் அவனது அகலிகைப் படலத்தில் ஓர் இடறல் இருக்கிறது. தன்னுடன் இருப்பவன் கணவன் அல்லன் என்பது அகலிகைக்கு இடையிலேயே தெரிந்துவிடுகிறது. தெரிந்த பிறகும் அவள் விலகவில்லை என்று கவி ஒளிக்காமல் சொல்கிறான். விமோசனத்துக்குப் பின் விசுவாமித்திரர் கௌதமரிடம், இவள் நெஞ்சத்தால் பிழை செய்யாதவள், ஏற்றுக்கொள் என்கிறார். இரண்டு கூற்றும் அருகருகே நிற்கின்றன. பக்தியின் கண்ணுக்கு இது முரணாகப் படாது. அருள் வந்த இடத்தில் பழைய கணக்கைப் பார்ப்பது வீண். கதையாசிரியனுக்கோ இந்த இடைவெளிதான் விளைநிலம். முனிவர் ஏற்றுக்கொண்டார் என்று காவியம் கடந்துபோகும் இடத்துக்கு அப்பால் என்ன நடந்திருக்கும் என்ற கேள்வி அங்கேயே கிடக்கிறது.

புதுமைப்பித்தன் (1906–1948) அந்த நிலத்தில் இருமுறை இறங்கினார். 1934இல் எழுதிய 'அகல்யை'யில் கௌதமர் சபிப்பதில்லை. கற்பு மனத்தின் தூய்மையில் இருக்கிறது, சந்தர்ப்பத்தால் உடல் களங்கப்பட்டால் அவள் என்ன செய்வாள் என்று அவரே கேட்டு இந்திரனையும் போகவிடுகிறார். நியாயமான தீர்ப்பு, துணிச்சலான தீர்ப்பும்கூட. ஆனால் தீர்ப்பு ஒரு பாத்திரத்தின் வாயால் வந்துவிட்டதால் கதைக்கு மேலே வேலை இல்லாமல் போகிறது. கரு அங்கே ஒரு கருத்தாக நின்றுவிட்டது.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1943இல் வெளிவந்த 'சாப விமோசனம்' அந்தத் தீர்ப்பை மறுக்கவில்லை. அது சரி என்றே வைத்துக்கொண்டு, அப்படியானால் மறுநாள் காலை இவர்கள் எப்படி வாழ்வார்கள் என்று கேட்கிறது. இராமாயணம் பழகியவர்களுக்கு இந்தக் கதை பிடிபடாமலும் பிடிக்காமலும் போகலாம், அதைப் பொருட்படுத்தவில்லை என்று ஆசிரியர் முன்குறிப்பே போட்டுவிட்டார். இதைப் பகுத்தறிவுவாதத் தாக்குதலாக வாசிப்பது பிழை. கதையில் அற்புதம் உண்மையாகவே நடக்கிறது. கல் பெண்ணாகிறது. புற்றுக்குள் புதைந்து கிடந்த கௌதமரும் வெளியே வருகிறார். சபித்தவருக்கும் ஒரு சிறையைத் தந்தது புதுமைப்பித்தனின் கைவண்ணம். தண்டித்தவரும் தண்டனைக்குள் இருந்தார் என்பதை விளக்க அவருக்கு ஒரு வாக்கியமும் தேவைப்படவில்லை.

அதன் பிறகு கரு இல்லறத்தின் சின்னஞ்சிறு அசைவுகளில் வளர்கிறது. அகலிகை ஒரு சொல்லைச் சொல்லுமுன் மனத்துக்குள் பலமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறாள். கணவர் சாதாரணமாகப் பேசினாலும் உள்ளே வேறு பொருள் இருக்குமோ என்று பதறுகிறாள். எதிரே வரும் ஆண்கள் எல்லோரும் அவளுக்கு இந்திரனாகத் தெரிகிறார்கள். கௌதமரோ தம் பழைய சாபத்தை எண்ணிக் கூசுகிறார்; தருமம் என்று தாம் நம்பியதை அடியிலிருந்து மறுபடி கட்டப் பார்க்கிறார். இருவரும் நல்லவர்கள், ஒருவர்மேல் ஒருவருக்கு அன்பும் உண்டு. அந்த அன்பாலேயே வீட்டில் பேச்சு நின்றுபோகிறது. குற்றத்துக்கு உடல், மனம் என்ற இரண்டு இடங்களைத்தான் மரபு பேசியது. இங்கே மூன்றாவதாக ஓர் இடம் தெரிகிறது: இரண்டு பேருக்கு நடுவே உள்ள மௌனம்.

கதையின் திருகு சீதையிடம் இருக்கிறது. இராமனும் சீதையும் அந்தக் குடிலுக்கு வந்துபோவதுதான் அகலிகைக்குக் கிடைக்கும் ஆறுதல். பிறகு வனவாசம், பதினான்கு ஆண்டுகள், இடையில் தன் செயலுக்கு வருந்தும் கைகேயியின் சந்திப்பு. எல்லாம் முடிந்து திரும்பிவந்த சீதை, போகிறபோக்கில் தீக்குளித்ததைச் சொல்கிறாள். அகலிகை துடித்துப்போகிறாள். அவர் கேட்டாரா, நீ ஏன் செய்தாய்? கேட்டார், செய்தேன். உலகத்துக்கு நிரூபிக்க வேண்டாமா என்று சொல்லிச் சீதை மெல்லச் சிரிக்கிறாள்.

தனக்கு மன்னிப்புத் தந்த அதே அருளாளன் தன் மனைவிக்குத் தீயைத் தந்திருக்கிறான். அகலிகைக்கு ஒரு நீதி, அவருக்கு ஒரு நீதியா? அதுவரை அகலிகையின் குற்றம் பற்றியதாக இருந்த கேள்வி, தீர்ப்பளிக்கும் உரிமை பற்றியதாக ஒரே உரையாடலில் திரும்பிவிடுகிறது. ஆசிரியர் வெளியிலிருந்து எந்த வாதத்தையும் கொண்டுவரவில்லை. இராமாயணத்தின் இரண்டு பெண்களை ஓரிடத்தில் உட்காரவைத்துப் பேசவிட்டார், அவ்வளவுதான். கருவை வளர்ப்பதில் இதைவிடச் சிக்கனமான வழி தமிழ்ச் சிறுகதையில் இருக்கிறதா என்பது சந்தேகம்.

முடிவில், குழந்தை வந்தால் வாழ்க்கை மலரும் என்று எண்ணிக் கௌதமர் அவளை அணைக்கிறார். அவளுக்கு அவர் இந்திரனாகத் தோன்றுகிறார். நெஞ்சு இறுக, மீண்டும் கல்லாகிறாள். முதல் கல் பிறர் சபித்து வந்தது. அதற்குக் காலவரையும் விமோசனமும் உண்டு. இரண்டாவது கல் அவளுக்குள்ளேயே விளைந்தது. அதற்கு எந்தத் திருவடியும் வரப்போவதில்லை. இங்கே அருளின் ஆற்றல் குறைத்துச் சொல்லப்படவில்லை, அது எட்டும் எல்லை மட்டும் சொல்லப்படுகிறது. சாபத்தை நீக்க அதனால் முடிந்தது. பெற்ற மன்னிப்பை உள்ளே இருத்திக்கொள்ளும்படி ஒரு மனத்தைப் பணிக்க முடியவில்லை.

ஜெயகாந்தன் 1966இல் 'ஆனந்த விகட'னில் எழுதிய 'அக்கினிப் பிரவேசம்' சீதையின் தீயைத் தலைப்பில் வைத்துக்கொண்டு அகலிகையிடம் போகிறது. மழை மாலையில் யாரோ ஒருவனின் காரில் ஏறிக் கெட்டுவிட்டதாக அழுதுகொண்டு வரும் கல்லூரிப் பெண்ணை, முதலில் அடித்த தாய், பிறகு தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அகலிகை மனத்தால் கெடவில்லை, அதனால்தான் இராமரின் பாதத் தூளி அவள்மேல் பட்டது என்று மகளுக்கு எடுத்துச் சொல்கிறாள். கம்பனில் விசுவாமித்திரர் சொன்ன வாதம், முனிவரிடமிருந்து ஒரு விதவைத் தாயின் வாய்க்கு வந்துவிட்டது. கதை பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. சர்ச்சையில் இறங்கியவர்கள் பலரும் தாய் செய்தது தகுமா என்றே கேட்டார்கள். அவள் தண்ணீரை ஊற்றும்போது கதவு மூடியிருந்தது, தாயைத் தவிர யாருக்கும் விஷயம் தெரியாது என்பதை ஜெயகாந்தன்தான் கவனித்தார்போலும்.

சாகித்திய அகாதெமியின் 1972ஆம் ஆண்டு விருதைப் பெற்ற 'சில நேரங்களில் சில மனிதர்கள்' அந்தக் கதவைத் திறந்துவிட்டு எழுதப்பட்ட நாவல். இங்கே தாய் கத்திவிடுகிறாள், ஊருக்குத் தெரிகிறது, அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். கங்கா என்ற அந்தப் பெண் படித்து, வேலைக்குப் போய், ஆண்டுகள் கழித்துத் தன் கதையையே வேறு முடிவோடு ஒரு பத்திரிகையில் படிக்கிறாள், எழுதியவர் ஆர்.கே.வி. முதல் சிறுகதை அப்படியே நாவலுக்குள் ஒரு பாத்திரம் எழுதிய கதையாகிவிடுகிறது. தாய் ஊற்றிய தண்ணீர் எங்கே பலிக்கும், எங்கே பலிக்காது என்று ஆசிரியரே தம் பழைய விடையை எடுத்துச் சோதிக்கிறார். உலகத்துக்கு நிரூபிக்க வேண்டாமா என்ற சீதையின் கேள்விக்கு இந்த நாவல்தான் முழுநீளமாகப் பதில் தேடுகிறது. கங்காவின் மனத்தில் அழுக்கில்லை என்பதை வாசகர் அறிவார். அவளைச் சுற்றியுள்ளவர்களுக்கு அது பொருட்டில்லை. புகலிடம் தந்து படிக்கவைத்த மாமாவே அவளை வேறு கண்ணோடு பார்க்கிறார், அவளைக் கெட்டவளாகவே வைத்துப் பேசுகிறார். அந்தப் பேச்சின் குத்தல் தாங்காமல்தான் அவள், அன்று காரில் வந்தவன் யார் என்று தேடிப் புறப்படுகிறாள்.