உரசி நிற்கும் குரல்கள்

பல்கேரியாவின் சோபியா நகரை ஒட்டி, விட்டோஷா மலையடிவாரத்தில் பிஸ்த்ரிட்சா என்றொரு ஊர். அந்த ஊர்ப் பாட்டிமார் பாடிய பதிவைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இரண்டு அணியாக நின்று மாறிமாறிப் பாடுகிறார்கள். ஒருத்தி மெட்டை எடுக்க, மற்றவர்கள் ஒரே சுரத்தைப் பிடித்தபடி நிற்கிறார்கள். மெட்டு தொலைவு போவதில்லை. அடுத்த சுரத்தில் ஏறி அங்கேயே தங்கிவிடுகிறது. ஷட்ஜமும் ரிஷபமும் ஒரே நேரத்தில், முழுத் தொண்டையில். நம் பாட்டு வாத்தியார் யாராவது இருந்தால் சுருதி சேரவில்லை என்று நிறுத்தியிருப்பார். அவர்களுக்கு அதுதான் சேர்க்கை.

*

நெருங்கிய இரண்டு சுரங்களுக்கு நடுவே ஓர் அதிர்வு துடிக்கும், இது பௌதிகம். அந்தத் துடிப்பை யாரும் பாடவில்லை. குரல்களைத் தனித்தனியே தொடர்ந்தால் பாட்டு நழுவிவிடுகிறது. நடுவில் காதை வைத்தால் நிற்கிறது.

*

இந்த ஊர்க் குரலில் குழைவு கிடையாது. நெஞ்சிலிருந்து நேராக வருகிறது. வரி முடியும் இடத்தில் சட்டென்று மேலே ஒரு கூவல். வயலில் அறுத்துக்கொண்டே பாடியவர்களின் வழி வந்தது. கமகத்தில் ஊறிய காதுக்கு முதலில் வறட்சியாகத்தான் இருக்கும்.

*

உலகம் கேட்ட பல்கேரியக் குரல் வேறு. 1951இல் இசையமைப்பாளர் பிலிப் குதெவ் அரசு நாட்டுப்பாடல், நடனக் குழுவை அமைத்தார். கிராமங்களிலிருந்து பாடகிகளைத் தேடிச் சேர்த்தார். ஓரிரு குரலில் இருந்த பாட்டுகளைப் பல குரல்களுக்குப் பிரித்து எழுதினார். வானொலியும் தனக்கென்று ஒரு பெண்கள் குழுவைத் தொடங்கியது. இத்தகைய பதிவுகளைத் திரட்டி, சுவிட்சர்லாந்துக்காரர் மார்செல் செலியே 1975இல் 'பல்கேரியக் குரல்களின் மர்மம்' என்ற இசைத்தட்டாக வெளியிட்டார். 1986இல் லண்டன் ராக் நிறுவனம் ஒன்று அதை மறுபடி கொண்டுவந்தது. இரண்டாம் தொகுதிக்கு 1990இல் கிராமி விருது.

மர்மம் என்று பெயர் வைத்தவர் நல்ல வியாபாரி. ஆயிரமாண்டுப் பழமை அப்படியே ஒலிக்கிறது என்று நம்பிக் கேட்டவர்கள் உண்டு. மெட்டு பழையது; குரல்களின் அடுக்கு இசைக்கல்லூரியில் பயின்றவர்கள் தம் காலத்தில் எழுதியது. அதனால் எனக்கு அழகு குறைந்துவிடவில்லை. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. மேடைப் பாட்டில் உரசல் வருகிறது, தீர்ந்துவிடுகிறது. பிஸ்த்ரிட்சாவில் தீர்வதற்கு அவசரமே இல்லை.

*

1977இல் வாயேஜர் விண்கலங்கள் எடுத்துப்போன தங்க இசைத்தட்டில் ரோடோப் மலைப் பாடகி வல்யா பல்கான்ஸ்கா இருக்கிறார். தனிக்குரல். கூடவே இரண்டு கைடா: தோல்பையில் காற்றை அடைத்து ஊதும் கருவி. அதன் நீண்ட குழல் நாதஸ்வரத்துக்கு ஒத்துபோல ஒரே சுரத்தைப் பிடித்திருக்கும். பாட்டு, மலைக்கு ஓடி ஆட்சியை எதிர்த்து நின்ற தெல்யோ என்பவனைப் பற்றியது. அதே தட்டில் நம் இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கரும் போகிறார்.

*

இனி ஆட்டம். ஹோரோ: கைகோத்துச் சங்கிலியாக ஆடுவது. அதில் பைடுஷ்கோ என்ற ஆட்டத்துக்கு ஐந்து எண்ணிக்கை, 2+3. கண்ட சாபு தெரிந்தவருக்குச் சிரமமில்லை. ரச்செனிட்சாவுக்கு ஏழு. ஆனால் 2+2+3; மிஸ்ர சாபு போட்டுப் பழகிய கை 3+2+2 என்று மூன்றை முன்னால் தேடும். கோபனிட்சாவோ பதினொன்று: 2+2+3+2+2.

ஆடுகிறவர்கள் இதையெல்லாம் எண்ணுவதில்லை. குறில், நெடில் என்று இரண்டே அடிதான் காலுக்குத் தெரியும். யாப்பில் நம் நெடில் குறிலைப்போல் இரு மடங்கு. இவர்களுடையது ஒன்றரை மடங்கு. அந்த அரையில்தான் வேற்றூர்க் கால் தடுக்குகிறது. ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்டோக் இதற்குப் பல்கேரியத் தாளம் என்றே பெயர் சொல்லி, தன் 'மிக்ரோகாஸ்மாஸ்' பியானோ வரிசையை அதிலமைந்த ஆறு நடனங்களோடு முடித்தார். கால் மட்டும் தடுக்கினால் போதுமா, விரலும் தடுக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ.