தொண்டும் தொழிலும்

ஆசிரிய அன்பர்களே, நம் பாடசாலைகளிலே மேல்வகுப்பிற் பயிலும் மாணாக்கருட் பலர், தாம் எத்தொழிலுக்கு உரியர் என்பதை அறியாது மயங்குகின்றனர். அவர்க்கு இக்காலத்தார் கூறும் அறிவுரைகளுள் ஒன்று உண்டு. வைத்தியசாலையிலே நோயுற்றுக் கிடக்கும் குழந்தைகளுக்குச் சிலகாலம் ஊதியமின்றித் தொண்டு செய்க. செய்யுங்கால் உமக்குரிய தொழில் இன்னதென்று உமக்கே விளங்கும் என்பது அது. நல்லுரையே. ஆயினும் அதனுள் ஒரு வினா மறைந்து கிடக்கின்றது. பிறர் குழந்தையின் நோயை நம் வழி அறிதற்குக் கருவியாக்குதல் அறமாகுமா? ஆக்கின், அத்தொண்டு குழந்தைக்கோ, நமக்கோ?

துன்பத்தின் முன்னே நின்றவர்க்குத் தொழில் விளங்கியதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்றுண்டு. 1870ஆம் ஆண்டு இராணிப்பேட்டையிலே, அமெரிக்க மிஷனரிக் குடும்பமொன்றிற் பிறந்தவர் ஐடா ஸ்கடர் அம்மையார். அக்குடும்பத்திலே வைத்தியரும் போதகரும் பலர். அவரோ அவ்வழியிற் செல்வதில்லை என்று துணிந்திருந்தவர். அமெரிக்காவிலே கல்வி பயின்றபின், நோயுற்ற தாயாரைப் பேணுதற்பொருட்டே திண்டிவனம் வந்தார். ஓரிரவு மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்து, மகப்பேற்றிலே வருந்தும் தம் இளமனைவியரைக் காக்குமாறு அவரை வேண்டினர். அவர் வைத்தியம் கல்லாதவர். வைத்தியராகிய தந்தையார் ஆடவராதலின், அவரை அழைத்துச் செல்ல மூவரும் இசைந்திலர். அம்மூன்று பெண்களும் இறந்தனர். பின்னர் அம்மையார் அமெரிக்கா சென்று, கோர்னெல் பல்கலைக்கழகத்திலே 1899இல் மருத்துவப் பட்டம் பெற்று மீண்டார். 1902இல் வேலூரிலே மகளிர்க்கு வைத்தியசாலை கண்டார். 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளியும் தொடங்கினார். சமயம் வேறாயினும் நற்செயல் எவரிடத்தும் நற்செயலே. ஈண்டு நாம் நோக்கத்தக்கது ஒன்று. அவ்விரவிலே அவர் கண்டது தம் விருப்பத்தையன்று. அம்மகளிர்க்கு இல்லாதிருந்த ஒன்றையே கண்டார். விருப்பம் பின்னர் வந்து அதனோடு சேர்ந்தது.

அஃது ஓரிரவின் பேரிடி; நாடோறும் செய்யும் சிறு பணியினின்றும் தொழில் விளங்குமோ எனின், விளங்கும். இரண்டாம் உலகப் போர்க்காலத்திலே, வீடிழந்த குழந்தைகளைக் காத்தற்கு இலண்டன் நகரத்திலே அன்னா பிராய்ட் அம்மையார் ஓர் இல்லம் நடத்தினார். அங்கே கொதிகலனைக் கவனித்தல், பழுதுபார்த்தல் ஆகிய எளிய வேலைகளைச் செய்தவர் ஜேம்ஸ் றொபேட்சன் என்பவர். எவ்வேலை செய்வோராயினும், குழந்தைகளிடத்துத் தாம் கண்டவற்றைச் சிறு அட்டைகளில் எழுதி வைத்தல் வேண்டும் என்பது அவ்வில்லத்தின் விதி. நெருப்பூட்டும் கை குறிப்பெழுதவும் பழகிற்று. போர் முடிந்தபின் அவர் உளநலச் சமூகப் பணியிலே பயிற்சி பெற்றார். 1948இல், ஜோன் பௌல்பி என்னும் மருத்துவர் அவரை வைத்தியசாலைக் குழந்தைகளை உற்றுநோக்கும் பணியில் அமர்த்தினார்.

அக்காலத்து இங்கிலாந்திலே, பல வைத்தியசாலைகள் பெற்றோரை வாரத்திற்கு ஒரு முறையளவிலேயே அனுமதித்தன. சில அதுதானும் செய்தில. முதலில் அழுத குழந்தை சில நாளில் அடங்கிவிட்டால், இடம் பழகிவிட்டது என்று தாதியரும் மருத்துவரும் மகிழ்ந்தனர். றொபேட்சன் அவ்வடக்கத்தை வேறாகக் கண்டார். அழுகைக்குப் பின் வருவது நம்பிக்கை இழந்த துயரம். அதற்கும் பின் வருவது, தாய் வரினும் முகந்திருப்பும் பற்றின்மை என்றார். 1952இல், எட்டு நாள் வைத்தியசாலையிலிருந்த இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியைச் சலனப்படமாக்கிக் காட்டினார். மருத்துவர் பலர் சினந்தனர். ஆயினும் 1959இல் வெளிவந்த பிளாட் குழுவின் அறிக்கை, பெற்றோர் தம் குழந்தைகளைத் தடையின்றிக் காண விடுதல் வேண்டும் என்று பரிந்துரைத்தது. மருத்துவப் பட்டம் பெறாத ஒருவர், மருத்துவர் நாடோறும் நோக்கியும் காணாததைக் கண்டார்.

பெரியபுராணம் கற்பிக்கும் நமக்கு இது புதிதன்று. திருப்பாச்சிலாச்சிராமத்திலே முயலகன் என்னும் நோயால் உணர்விழந்து கிடந்த கொல்லிமழவன் மகளைத் திருஞானசம்பந்தப் பிள்ளையார் கண்டார். இஃது என்னையென வினவினார். பின்னரே பதிகம் அருளிச்செய்தார். காண்டலும் வினவுதலும் முன்; செய்தல் பின்.

எனவே, தொடக்கத்து வினாவிற்கு விடை இதுவாம். தன்னைத் தேடிச் செல்வோன் குழந்தையைக் கண்ணாடியாக்கித் தன் முகத்தையே காண்பான். குழந்தையைக் காணச் செல்வோனுக்கோ அக்குழந்தைக்கு வேண்டுவது யாதென்று தெரியவரும். அதனுள் தனக்குரிய பங்கு யாதென்பதும் தெரியவரும். அங்ஙனமாயின், சான்றிதழ் வேண்டியோ தொழில் நாடியோ செல்லும் மாணாக்கனைத் தடுத்தல் வேண்டுமோ? வேண்டா. கலப்பற்ற நோக்கம் முதியோர்க்கே அரிது. அவன் சொல்லும் கதைகேட்டுச் சிரிக்கும் குழந்தைக்கு அச்சிரிப்பு மெய்யே. ஆனால் தொண்டின் அளவுகோல் அவனுடைய மனநிறைவாகலாகாது. குழந்தையின் நலனே ஆதல் வேண்டும்.

இதனாற் பிறக்கும் கடமைகள் சில. வருவேனென்ற நாளில் வருதல் வேண்டும். பிரிவினாலே முன்னரே நொந்த குழந்தைக்கு, இருநாள் விளையாடிச் சொல்லாது மறையும் அண்ணனும் அக்காளும் மற்றொரு பிரிவேயாவர். வாராதொழியும் நாளை முன்கூட்டியே சொல்லி விடைபெறல் வேண்டும். கண்டதைத் தாதியர்க்கு உரைத்தல் வேண்டும், ஊராருக்கு உரைத்தலாகாது. இப்பணி தனக்கு ஒவ்வாதென்று உணர்பவனும் நாணவேண்டுவதில்லை. அவ்வுணர்வும் தொண்டினால் வந்த அறிவே.

திரியாயிலே நோயுறும் குழந்தை குச்சவெளி, நிலாவெளி வழியே திருக்கோணமலைக்குக் கொண்டுசெல்லப்படும்போது, தாய் உடன்செல்வாள், வீட்டிலே மற்றைப் பிள்ளைகள் காத்திருப்பர், வயல்வேலையும் காத்திருக்கும். 1985இல் ஊரையே விட்டு இடம்பெயர்ந்த மக்களுக்குப் பிரிவின் துயரைப் பிறர் கற்பிக்க வேண்டுவதில்லை. அத்தாய் சற்றே உண்டு, முகங்கழுவி வருமளவும் குழந்தையருகே ஒருவர் இருத்தலும், தவறிய பாடத்தை அதற்குச் சொல்லிக்கொடுத்தலும் சிறிய தொண்டல்ல. அவ்விடத்திருந்து ஒருவன் வைத்தியனாகலாம், ஒருத்தி தாதியாகலாம், பாடமின்றி வாடும் குழந்தையைக் கண்ட மற்றொருவன் நம்மைப் போல ஆசிரியனாகலாம்.

ஆதலின் அன்பர்களே, தொண்டு செய்து மீளும் மாணாக்கனை நோக்கி, நீ யாராகப் போகின்றாய் என்று முதலிற் கேளாதொழிக. என்ன கண்டாய் என்று கேட்க. அவன் அதற்கு விடைகூறத் தொடங்கின், மற்றை வினாவிற்கும் விடை அதனுள்ளே வரும்.