பற்றின் அளவு

எங்கள் திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயிலான திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்தில் அண்ணாந்து பார்த்தால் முதல் தீர்த்தங்கரர் ரிஷபதேவரின் வாழ்க்கை விதானத்தில் வரிவரியாக ஓடுகிறது. பல இடங்களில் சாயம் உதிர்ந்து சுண்ணாம்பு தெரிகிறது. மண்டபத்தைக் கட்டியவர் விஜயநகர அரசின் அமைச்சரும் படைத்தலைவருமான இருகப்பர். ஆண்டு 1387-88. கட்டச் சொன்னவர் அவருடைய குரு புஷ்பசேனர். கழுத்து வலிக்கும்வரை பார்ப்பேன். பிறகு மண்டபத்திலேயே ஒரு தூணோரம் உட்கார்ந்துவிடுவேன்.

ஸ்ரீபுராணம் படிக்கும் வீடுகளில் அந்தக் கதை தெரியும். கேட்டதைத் தரும் மரங்கள் இருந்த காலம் ஒன்று இருந்தது. அப்போது யாரும் உழைக்கவில்லை, எதையும் சேர்த்து வைக்கவுமில்லை. மரங்கள் மறைந்ததும் மக்கள் பசியோடு வந்து நின்றார்கள். வாள், எழுத்து, உழவு, கல்வி, வணிகம், கைத்தொழில் என்று ஆறு வழிகளை ரிஷபர் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். பின்பு நாட்டைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டுத் துறவு பூண்டார். அவர்மேல் கொண்ட அன்பால் நாலாயிரம் அரசர்கள் கூடவே துறந்தார்கள். அவர் எதற்காகத் துறக்கிறார் என்பது அவர்களுக்கு விளங்கவில்லை. சில மாதங்களில் பசி தாங்காமல் காயும் கிழங்கும் தேடித் தின்றார்கள், மரவுரி கட்டிக்கொண்டார்கள், ஆளுக்கொரு வழியாகச் சிதறிப் போனார்கள்.

அந்த நாலாயிரம் பேர்மேல் எனக்கு இரக்கம் உண்டு. அவர்கள் போலிகள் இல்லை. ஒருவரை நம்பி, ஒரு நல்ல வாழ்வை நம்பி, வீட்டை விட்டு இறங்கியவர்கள்.

*

ஊரில் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து பாலாற்றுப் பக்கம் நிலம் வாங்கிப் பொதுவாக வாழ்வது பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் பட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனிக்கு ஷிப்ட் போய் வருகிறார். மண்சுவர் வீடு, பொதுச் சமையல், ரசாயனம் படாத நெல், பிள்ளைகளுக்கு மரத்தடிப் பள்ளி. என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள்.

இந்த ஆசையை எளிதாகத் தள்ளிவிட முடியவில்லை. நம் வேகவதியைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். சாக்கடையும் சாயத் தண்ணீரும் குப்பையுமாகக் கிடக்கிற அந்த ஆற்றின் கரையில்தான் இந்தக் கோயில் நிற்கிறது. தான் குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது, தான் கழித்த தண்ணீர் எங்கே போகிறது என்று தெரிந்து வாழ ஒருவர் விரும்பினால், அது சின்ன விருப்பம் இல்லை. அதோடு தனிமையும் சேர்ந்துகொள்கிறது. மாடி மேல் மாடியாக வீடு கட்டியாகிவிட்டது. காய்ச்சல் வந்தால் ஒரு டம்ளர் கஞ்சி கொண்டுவந்து கொடுக்க ஆள் இல்லை.

*

அப்படிப் பொதுவாக வாழ முயலும் ஊர் ஆரோவில். வந்தவாசி, திண்டிவனம் வழியாக அங்கே போகும்போது மேல்சித்தாமூர்ப் பக்கம் கொஞ்சம் விலகிப் போவேன். இங்கிருந்த ஜினகாஞ்சி மடம் பிற்காலத்தில் மேல்சித்தாமூருக்குத்தான் இடம் பெயர்ந்தது. துறவியரின் பழைய வீட்டையும் இல்லறத்தாரின் புதிய ஊரையும் ஒரே பகலில் பார்த்துவிடலாம்.

ஆரோவில் 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கியது. 124 நாடுகளின் மண்ணை ஒரு தாழியில் இட்டார்கள். புதுச்சேரி ஆசிரமத்தின் அன்னை மிர்ரா அல்ஃபாஸா சாசனத்தை வாசித்தார். வந்து குடியேறியவர்களுக்குக் கிடைத்ததோ மொட்டைச் செம்மண் மேடு. மழை பெய்தால் செம்மண் ஓடைகளில் கரைந்து வங்கக் கடலுக்குப் போகும், கடல் சிவக்கும். மீந்தது வெடித்த பள்ளங்கள்.

அவர்கள் முதலில் செய்த வேலை கரை போடுவது. சரிவுக்குக் குறுக்கே முழங்கால் உயரத்துக்கு மண் அணை. அதற்குமேல் தண்ணீர் தேங்கி, ஓடாமல், உள்ளே இறங்க வேண்டும். அடைமழை பெய்த மறுநாள் அப்படி ஒரு கரை ஓரமாக நின்று பார்த்தேன். தேங்கிய நீர் காலையில் மஞ்சள் கலந்த சிவப்பாக இருந்தது. மதியத்துக்குள் வண்டல் படிந்து தெளிந்துவிட்டது. சாயங்காலம் மட்டம் நாலு விரல் இறங்கியிருந்தது. அந்த நாலு விரலும் நிலத்தடிக்குப் போயிருக்கிறது.

மரங்களையும் அவர்கள் ஒரே நாளில் கற்றுக்கொள்ளவில்லை. வேகமாக வளரும் அயல்நாட்டு அக்கேசியாக்களை நட்டு நிழல் உண்டாக்கினார்கள். பிறகுதான் இந்தக் கடற்கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காடு எப்படி இருந்தது என்று தேடினார்கள். அது கோயில் காடுகளில் மட்டும் பிழைத்திருந்தது. புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு அவற்றில் ஒன்று. அப்படிப்பட்ட காடுகளிலிருந்து வீரை, பாலை, காயா போன்றவற்றின் விதை எடுத்து நாற்று வளர்த்தார்கள். இன்று அங்கே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் நட்டதாகக் கணக்குச் சொல்கிறார்கள். 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் ஏராளமான மரங்களைச் சாய்த்தது. சாய்ந்தவற்றை அகற்றி மறுபடியும் நட்டார்கள். ஒரு தனி மனிதரால், ஒரு குடும்பத்தால், இது நடந்திருக்காது. ஐம்பது ஆண்டுக்கு மேல் ஒரே நிலத்தில் ஒரே நோக்கத்தோடு பலர் இருந்தால்தான் நடக்கும். கூடி வாழ்வதற்கு இதைவிடப் பெரிய நியாயம் எனக்குத் தெரியவில்லை.

பொதுச் சமையலறையான சோலார் கிச்சனின் கூரையில் 15 மீட்டர் விட்டத்தில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் வானத்தைப் பார்த்துக் கிடக்கிறது. அது திரட்டும் வெயிலில் நீராவி எழுப்பிச் சமைப்பதற்காக அமைத்தது. மதியம் கீழே நீண்ட மேசைகளில் நூற்றுக்கணக்கான பேர் சாப்பிடுகிறார்கள். அந்தச் சத்தம் கல்யாணப் பந்தியின் சத்தம். தினமும் அது கேட்கும் என்பதை நினைத்தபோது மனம் ஆசைப்பட்டது. தினமும் கேட்க வேண்டியிருக்கும் என்று நினைத்தபோது கொஞ்சம் களைத்தது.

*

குறைகளையும் எழுதிவைக்கிறேன்.

அங்கே நிலமும் வீடும் யாருக்கும் சொந்தமில்லை. எல்லாம் ஆரோவில் ஃபவுண்டேஷனுடையவை. வீடு கட்டப் பணம் போட்டவரும் அதன் பொறுப்பாளர்தான். விற்றுவிட்டுப் புறப்பட முடியாது. இருபத்தைந்து வயதில் இது சுதந்திரம். அறுபத்தைந்து வயதில், ஊரில் தம்பிக்கு உடம்பு சரியில்லை, திரும்பிப் போய் ஒரு வீடு எடுக்க வேண்டும் என்கிற நாளில், இது வேறு முகம் காட்டும். கைச்சேமிப்போடு வந்தவர் அதை வைத்துச் சமாளிப்பார். வெறுங்கையோடு வந்தவர் தங்கித்தான் ஆக வேண்டும். சொத்தை ஒழித்த இடத்திலும் வெளியே சொத்து இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் இடையிலான தூரம் இப்படி உள்ளே வந்துவிடுகிறது.

அடுத்தது முடிவெடுப்பது. அன்னை 1973இல் மறைந்ததும், இந்த ஊர் யாருடையது என்று ஸ்ரீ அரவிந்தர் சொசைட்டிக்கும் குடியிருப்போருக்கும் வழக்கு முற்றியது. 1980இல் மத்திய அரசு தற்காலிகமாக நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. அது செல்லும் என்று 1982இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1988இல் தனிச் சட்டம் வந்தது. நிர்வாகக் குழு ஒன்று, குடியிருப்போர் பேரவை ஒன்று, சர்வதேச ஆலோசனைக் குழு ஒன்று. சொந்தம் வேண்டாம் என்று தொடங்கிய ஊரில், சொந்தம் யாருக்கு என்ற கேள்வியே முதல் பெரிய சண்டை ஆனது. 2021 டிசம்பரில் வட்டச் சாலைக்காகக் காட்டுக்குள் ஜேசிபி நுழைந்தது. 50,000 பேருக்கான நகரத் திட்டத்தை நிறைவேற்றியாக வேண்டும் என்றது ஒரு தரப்பு. வளர்த்த காடும் நீரோடும் பாதையும் சொல்வதைக் கேட்டு வரைபடத்தை மாற்ற வேண்டும் என்றது மறுதரப்பு. பசுமைத் தீர்ப்பாயம் 2022இல் ஆய்வு நடக்கும்வரை வேலையை நிறுத்தச் சொன்னது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கியது. ஊரில் இருப்பவர்கள் மூவாயிரத்துச் சொச்சம் பேர்தான். ஒரு சாலை அவர்களில் பலரைப் பேச்சுவார்த்தை இல்லாதவர்களாக்கிவிட்டது.

என் சாய்வு காட்டின் பக்கம். அதை மறைக்க விரும்பவில்லை.

சுற்றிலும் குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி, ஆலங்குப்பம், கோட்டக்கரை. காலையில் அங்கிருந்து ஆயிரக்கணக்கானோர் சைக்கிளிலும் பைக்கிலும் வேலைக்கு உள்ளே போகிறார்கள், மாலையில் திரும்புகிறார்கள். ஊர்க்காரர் சிலர் ஆரோவில்காரர்களாகவே ஆகியிருக்கிறார்கள். பலருக்குக் கூலியும் கைத்தொழிலும் கிடைத்திருக்கின்றன. சுற்றுலாவால் மனை விலையும் ஏறியிருக்கிறது. எளிமையைத் தேடி வந்தவரின் எளிமையை ஒருவர் கூட்டிப் பெருக்கிக் கொடுக்கிறார் என்றால், அந்தக் கணக்கு யார் பெயரில் எழுதப்படுகிறது என்று கேட்காமல் இருக்க முடியாது.

*

திரும்ப நம் கோயிலுக்கே வருகிறேன். உள்ளே முனிவாசம் என்று ஐந்து சிற்றறைகள் இருக்கின்றன. புஷ்பசேனர், மல்லிசேனர் போன்ற முனிவர்களின் நினைவிடம். சமணத் துறவி எதையும் தன்னதென்று வைத்துக்கொள்வதில்லை. ஒரு வேளை உண்பார், அதையும் நின்றபடி, கையில் ஏந்தி. மழைக்காலம் நான்கு மாதம் தவிர ஓரிடத்தில் தங்கமாட்டார். அந்தப் பற்றின்மைக்கு ஒரு சுவர் வேண்டியிருந்தது. அந்தச் சுவர் இல்லறத்தார். பள்ளிச்சந்தமாக நிலம் விட்டதும், கோயில் கட்டியதும், நேரம் பார்த்து வாசலில் நின்று உணவளித்ததும் அவர்கள்.

ரிஷபர் கதையின் மிச்சம் இதுதான். தவத்திலிருந்து எழுந்து ஊருக்குள் வந்தபோது துறவிக்கு என்ன கொடுப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. யானை கொடுத்தார்கள், மணி கொடுத்தார்கள், பெண் கொடுக்க வந்தார்கள். சோறு கொடுக்கத் தோன்றவில்லை. கடைசியில் அஸ்தினாபுரத்தில் சிரேயாம்சன் கரும்புச் சாறு கொடுத்தான். துறவுக்கும் இல்லறத்துக்கும் நடுவே உடன்படிக்கை ஏற்பட்டது அன்றுதான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

துறவிக்குப் பற்றின்மை மாவிரதம். இல்லறத்தாருக்கு அதே விரதம் அணுவளவில் உண்டு. இவ்வளவு நிலம், இவ்வளவு பொன், இவ்வளவு தானியம் போதும் என்று தானே ஓர் எல்லையை வகுத்து, அதைத் தாண்டாமல் இருப்பது. பிள்ளை படிக்க வேண்டும், தாயைப் பார்த்துக்கொள்ள வேண்டும், தனக்கும் முதுமை வரும் என்பதை அந்த விரதம் தெரிந்து வைத்திருக்கிறது.

ஆரோவில் போன்ற சூழல் கிராமங்களின் அழகும் இடறலும் ஒரே இடத்தில் இருப்பதாக இப்போது எனக்குப் படுகிறது. குழந்தை பெற்று, கூரை வேய்ந்து, கூலி கொடுத்து வாழும் குடும்பத்திடம் அவை மாவிரதத்தைக் கேட்கின்றன. கொடுக்க முடிந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கும்பிடுகிறேன். முடியாமல் விலகியவர்களைத் தோற்றவர்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. இன்றைய இஸ்ரேலில் 1910இல் முதல் கிப்புத்ஸாக, அதாவது கூட்டுப் பண்ணையாக, தோன்றிய தெகானியா, சமப் பங்கீட்டை 2007இல் கைவிட்டது. ஏறக்குறைய நூறாண்டு அதைக் காப்பாற்றியதே பெரிது.

*

காந்தியின் டால்ஸ்டாய் பண்ணையை நினைத்துக்கொள்கிறேன். 1910இல் ஜோகன்னஸ்பர்க் அருகே அவருடைய நண்பர் கல்லன்பாக் கொடுத்த 1,100 ஏக்கர். சிறை சென்ற சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் அங்கே தங்கின, அவர்களில் தமிழர் கணிசம். ஒரே சமையல், மரக்கறி உணவு. வேலை எல்லோருக்கும் பங்கு. இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் ஒரே கூரையின் கீழ். மூன்றாண்டில் பண்ணை கலைந்தது. எதற்காகக் கூடினோம் என்பது சமையலறைப் பெண்ணுக்கும் தெரிந்திருந்தது. போராட்டம் முடிந்தால் வீடு திரும்பலாம் என்பதும் தெரிந்திருந்தது.

*

திருப்பருத்திக்குன்றத்தில் பிறந்தவர்களுக்குக் கூட்டு வாழ்வு புதிதில்லை என்று பட்டுக் கூட்டுறவுச் சங்கத்து நண்பர் சொன்னார். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. விடியலில் தெருவில் நெசவுப் பாவு இழுத்துக் கட்டும்போது ஒரு வீட்டுக்காரரால் ஆகாது. பக்கத்து வீடுகள் வர வேண்டும். வெயில் ஏறுமுன் அறுந்த இழைகளைத் தேடிப் பிணைத்து, தெருவைக் காலி செய்துவிட வேண்டும். கோர்வைப் புடவைக்கு உடலும் கரையும் வேறு வேறு நிறம். குழித்தறியில் நெய்பவர் காலால் மிதித்து நாடா ஓட்ட, கரைப் பக்கத்து நாடாவைத் தள்ளப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். முன்பு வீட்டுப் பிள்ளை, இப்போது பெரும்பாலும் மனைவி. அவர் எழுந்து போனால் தறி நிற்கும்.

ஆனால் தெருவே சேர்ந்து பாவு கட்டினாலும், பாவு முடிந்ததும் அவரவர் வாசல் அவரவருக்கு. கடன் அவரவர் கடன். அதுவும் ஒரு குறைதான். பட்டு நூல் விலை ஏறும் மாதத்தில் அந்த வாசல்கள் மிகத் தனியாக இருக்கும். இளையவர்கள் ஒரகடம் பஸ் ஏறுகிறார்கள். பகிரும் எல்லை கொஞ்சம் விரிந்திருந்தால் சிலர் தங்கியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

கோயில் குராமரத்தைப் பற்றிக் கல்வெட்டில் ஒரு வெண்பா உண்டு. தருமக் குரா என்று அதற்குப் பெயர். தன் அளவில் குறையவும் குறையாது, கூடவும் கூடாது என்கிறது பாட்டு. மரத்தின் அடியில் நின்று யோசித்ததையே நண்பர்களிடம் சொன்னேன். நிலத்தையும் கிணற்றையும் பொதுவில் வையுங்கள். வீட்டை அவரவர் பெயரில் விடுங்கள். ஒருவர் விலகினால் அவருக்கு எவ்வளவு, எத்தனை மாதத்தில் என்பதை முதல் கூட்டத்திலேயே எழுதுங்கள். கரை போடவும் களை எடுக்கவும் வரும் ஆட்களுக்கும் கூட்டத்தில் ஒரு குரல் இருக்கட்டும்.

முதல் இரண்டையும் ஒப்புக்கொண்டார்கள். விலகுவது பற்றி இப்போதே பேசுவது அபசகுனம் என்று ஒரு வீட்டு அம்மா சொல்லிவிட்டார். வருகிற ஞாயிறு அதைத்தான் முதலில் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். சமையல் ஒன்றா, வீட்டுக்கு ஒன்றா என்பது அதற்கப்புறம்.