உயிராற்றலும் மண்ணின் தாதுவும்

உடலை இயக்கும் ஆற்றல் பருப்பொருளிலிருந்து பிறக்கிறதா, அதற்கு அப்பாற்பட்ட ஒன்றிலிருந்து வருகிறதா என்பது தத்துவத்தின் பழைய வினா. அதை எண்ணிப் பார்க்க ஏற்ற இடம் நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை; அது சித்தர்கள் தவமிருந்த குகைகள் உள்ள இடமாகப் போற்றப்படுவது. சித்தர் மரபு உடலை வெறுத்து ஒதுக்கவில்லை. ஐம்பூதங்களாலான அண்டத்தின் சிறு வடிவமாகவே அதைக் கண்டது.

மண்ணுக்கும் உடலுக்கும் உள்ள உறவை மக்னீசியம் தெளிவாகக் காட்டுகிறது. வேர் அதை மண்ணிலிருந்து உறிஞ்சுகிறது. இலைப் பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூறின் நடுவிலும் அதுவே இருக்கிறது. தானியத்தின் வழியே அது மனிதரை அடைகிறது. வளர்ந்தவரின் உடலில் ஏறத்தாழ 25 கிராம் மக்னீசியம் உண்டு. பாதிக்கு மேல் எலும்பில் தங்கியுள்ளது. உணவின் ஆற்றலை உயிரணுக்கள் ஏ.டி.பி. என்னும் மூலக்கூறில் தேக்குகின்றன. அந்த மூலக்கூறு பெரும்பாலும் மக்னீசியத்துடன் சேர்ந்தே வேலை செய்கிறது. 300-க்கும் மேற்பட்ட நொதிகளுக்கும் இத்தாது துணை நிற்கிறது. இது மிகவும் குறைந்தால் சோர்வு, தசைப்பிடிப்பு, இதயத் துடிப்புக் கோளாறு முதலியன தோன்றலாம்.

கொல்லிமலையின் மலையாளிப் பழங்குடியினர் சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு ஆகியவற்றைத் தலைமுறைகளாக விளைவித்து உண்டுவந்தனர். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 140 மில்லிகிராம் மக்னீசியம் இருக்கிறது. தீட்டிய அரிசியில் இதில் சிறு பங்கே எஞ்சும்; தவிட்டோடு தாதுவும் போய்விடுகிறது. மரவள்ளி பணப்பயிராகப் பரவியதால் மலையில் சிறுதானியம் விளைந்த நிலம் சுருங்கியது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து அங்குள்ள மக்களோடு சேர்ந்து பாரம்பரிய விதைகளைக் காக்கப் பாடுபட்டுவருகிறது.

அப்படியானால் உயிர் என்பது தாதுக்களின் கூட்டுதானா? சைவ சித்தாந்தம் அவ்வாறு கொள்வதில்லை. உடல் மாயை என்னும் மூலப்பொருளிலிருந்து தோன்றிய கருவி. உயிர் அதனின் வேறான, அறிவுடைய பொருள். ஆயினும் கருவியின்றி உயிரின் அறிவும் செயலும் விளங்கா. கருவி இயங்கும் முறையை வேதியியல் சொல்கிறது; அதைக் கொண்டு வாழ்பவர் யார் என்ற வினா மெய்யியலுக்கு உரியது. ஒன்று மற்றொன்றின் இடத்தைப் பிடிக்க முடியாது.

உடலைப் பேணுவதே உயிரைப் பேணும் வழி என்பது திருமந்திரத்தின் நிலைப்பாடு. உடலுக்கு வேண்டிய தாது மண்ணிலிருந்தும் விதையிலிருந்தும் வருவதால், அவ்விரண்டையும் காப்பதும் அந்த அறத்தில் அடங்கும்.