பசி யாருடைய வினை?

பசித்தவருக்குச் சோறிடுவது அறம் என்பதில் இந்தியச் சமயங்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அவர் ஏன் பசித்திருக்கிறார் என்று கேட்டவுடனே அந்த ஒற்றுமை குலையத் தொடங்குகிறது. பசி அவரவர் முன்செய்த வினையின் பயன் என்றால், அதைத் தீர்ப்பது இடுபவரின் பெருந்தன்மையைப் பொறுத்த செயலாகும். பசி சமூக ஏற்பாட்டின் விளைவு என்றால், அதைத் தீர்ப்பது அந்த ஏற்பாட்டை நடத்துவோரும் அதனால் பயனடைவோரும் செலுத்தியாக வேண்டிய கடனாகும். முதல் விடை அன்னதானத்துக்கும், இரண்டாவது விடை உணவு உரிமைக்கும் இட்டுச் செல்கின்றன. கடந்த 150 ஆண்டுகளில் இந்தியாவில் பசியைக் குறித்து நடந்த விவாதங்களையும் இயற்றப்பட்ட சட்டங்களையும் இவ்விரு விடைகளுக்கிடையே இன்னும் முடிவுறாத வழக்காகவே வாசிக்க இடமுண்டு.

வினைக் கோட்பாடு, அதாவது உயிர்கள் தாம் முன்பு செய்தவற்றின் பயனையே இன்ப துன்பங்களாக நுகர்கின்றன என்னும் கொள்கை, பசியைப் பொறுத்தவரை ஓர் இக்கட்டை உண்டாக்குகிறது. இறைவன் விதித்த தண்டனையாகத்தான் ஒருவர் பட்டினி கிடக்கிறார் என்றால், அவருக்கு உணவளிப்பவர் இறைவனின் தீர்ப்பில் குறுக்கிடுகிறார் ஆகாதா? இந்தத் தடையை மூடி மறைக்காமல் எடுத்துக்கொண்டு விடை கூறியவர் வடலூர் இராமலிங்க அடிகள் (1823–1874). பெருங்குற்றம் புரிந்து விலங்கிடப்பட்டுச் சிறையில் கிடப்பவர்களுக்கும் அரசன் தன் சேவகர்களைக் கொண்டு உணவளிக்கிறான் என்பதைச் ‘சீவகாருணிய ஒழுக்கம்’ என்ற தம் உரைநடை நூலில் அவர் எடுத்துக்காட்டி, பசித்தவர்க்கு உணவளிப்பது இறைவனின் கட்டளைக்கு இசைந்ததேயன்றி அதை மீறுவதன்று என்று நிறுவுகிறார். இந்த விடையைத் தருக்க முறையில் தொடர்ந்து சென்றால், நியாயமான எந்தத் தண்டனையிலும் பட்டினி ஓர் அங்கமாக இருக்க முடியாது என்ற முடிவுக்கே வர வேண்டியிருக்கும். வினைக் கொள்கையை அடிகள் கைவிடவில்லை. அதைக் காரணம் காட்டிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் உரிமையை மட்டும் பறித்துவிடுகிறார்.

அந்நூல் பசியை உடலளவில் நுணுகி நோக்குவதும் இங்கே கருதத்தக்கது. அறிவு மயங்குவது, கண் குழிவது, காது இரைவது, நா வறள்வது, கைகால் சோர்ந்து துவள்வது என்று அடுக்கிச் சொல்லும் அந்த வருணனையின் மெய்யியல் பொருள், பசி பல துன்பங்களுள் ஒன்றன்று என்பதாகும்; துன்பத்தைப் பொறுத்துக்கொள்ளவும், இறைவனை நினைக்கவும், நன்மை தீமைகளைத் தெரிந்து நடக்கவும் தேவையான அறிவையே அது முதலில் அழிக்கிறது. தண்டனையின் நோக்கம் திருத்துவது என்றால், திருந்துவதற்குரிய ஆற்றலையே அழிக்கும் ஒன்று தண்டனையாக இருக்க முடியாது. ஒடிசாவைச் சூறையாடிய 1866ஆம் ஆண்டுப் பஞ்சம் சென்னை மாகாணத்தையும் தாக்கிய நிலையில், 1867 மே 23 அன்று சாதி சமய வேறுபாடின்றி எவரும் வந்து உண்ணும் தருமசாலையை வடலூரில் அடிகள் தொடங்கியது இந்தச் சிந்தனையின் செயல்வடிவமே.

பசியைப் பசித்தவரின் கணக்கிலேயே எழுதிவிடும் போக்கு சமயத்துக்கு மட்டும் உரியதன்று என்பதைத் தாது வருஷப் பஞ்சம் என்று தமிழர் நினைவில் நிலைத்துவிட்ட 1876–78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சம் காட்டியது. வைசிராய் லிட்டனின் அரசு, தானிய வணிகத்தில் ஆட்சி தலையிடலாகாது என்ற பொருளியல் கொள்கையை இயற்கையின் விதிபோலக் கருதியது. 1873–74இல் பீகார்ப் பஞ்சத்தின்போது பர்மாவிலிருந்து அரிசி தருவித்துப் பெருஞ்சாவைத் தடுத்ததற்காக வீண்செலவு செய்தார் என்று பழிக்கப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள், இம்முறை சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டபோது எதிர்த்திசையில் சென்றார். நிவாரணப் பணியில் மண் சுமந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிராம், தானியத்தின் விலையும் சிறிது சில்லறையும் போதும் என்று கூலியைக் குறைத்தார். உழைக்கும் உடலுக்கு இது போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதிட்டார். சில மாதங்களில் கூலி உயர்த்தப்பட்டது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 50 லட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டதாக மதிப்பிடப்படும் அந்தப் பஞ்சத்தில், ஊழ் இருந்த இடத்தில் சந்தை வந்து உட்கார்ந்திருந்ததே தவிர, ‘தலையிட்டால் ஒழுங்கு கெடும்’ என்ற வாதம் மாறவில்லை.

இந்த வாதத்தின் அடித்தளத்தை 20ஆம் நூற்றாண்டில் அசைத்தவர் பொருளியலாளர் அமர்த்தியா சென். ‘வறுமையும் பஞ்சங்களும்’ என்ற 1981ஆம் ஆண்டு நூலில் அவர் முன்வைத்த கருத்து உரிமைப்பேறு எனப்படும். ஒருவர் தம் நிலம், உழைப்பு, கையிருப்பு, அரசு உதவி ஆகியவற்றைக் கொண்டு சட்டப்படி எவ்வளவு உணவைத் தமதாக்கிக்கொள்ள முடியும் என்பதே அதன் பொருள். சுமார் 30 லட்சம் பேர் மாண்டதாகக் கருதப்படும் 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தில் விளைச்சல் எவ்வளவு குறைந்தது என்பதில் ஆய்வாளரிடையே இன்றும் கருத்து மோதல் உண்டு. ஆயினும் இறந்தவர்கள் யார் என்பதில் ஐயமில்லை. போர்க்கால விலையேற்றத்துக்கு ஈடுகொடுக்கக் கூலி உயராத நிலமற்ற தொழிலாளரும் மீனவரும் கைவினைஞரும் கிராமங்களில் மடிந்தபோது, மலிவு விலை உணவுக்கு ஏற்பாடு செய்யப்பட்டிருந்த கல்கத்தா ஊழியர்கள் பிழைத்துக்கொண்டனர். ஒரே வானம், ஒரே மழை, ஒரே ஆட்சி இருந்தும் சாவு ஆள்பார்த்துச் சென்றதென்றால், காரணத்தைத் தேட வேண்டிய இடம் மனிதர் வகுத்த ஏற்பாடுகளே.

ஏற்பாடே காரணம் என்று ஒப்புக்கொண்டபின், தானம் எவ்வளவு தூரம் போதுமானது என்ற கேள்வி எழுகிறது. இதை ஒரு பௌத்தக் காப்பியமே கதையாக்கி ஆராய்ந்திருக்கிறது. சீத்தலைச் சாத்தனாரின் ‘மணிமேகலை’யில், அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைப் பெற்ற ஆபுத்திரன் மதுரையில் பசித்தோர்க்கெல்லாம் சோறிடுகிறான், வரம் தர வந்த இந்திரனை எள்ளி அனுப்புகிறான். சினங்கொண்ட இந்திரன் அவனைத் தண்டிக்கத் தேர்ந்தெடுத்த கருவி மழை. வறண்டு கிடந்த பாண்டிய நாடு செழித்ததும் உண்ண வருவோர் இல்லாமற் போக, ஊர் ஊராகச் சென்று பசித்தவர் உண்டோ என்று கேட்ட ஆபுத்திரன் ஏளனத்துக்கு ஆளாகிறான்; பஞ்சத்தில் வாடும் சாவக நாட்டுக்குக் கப்பலேறி, வழியில் மணிபல்லவத் தீவில் தனித்து விடப்பட்டு, பயனற்றுப்போன பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு உண்ணாதிருந்து உயிர்விடுகிறான். அவனுடைய அருள் ஐயத்துக்கு இடமற்றது. எனினும் கதை தயங்காமல் காட்டும் உண்மை, தானத்துக்குப் பசித்தவர் தேவை என்பதும், பசி நீங்குவது கொடுப்பவருக்கு இழப்பாக முடியலாம் என்பதும்தான். புண்ணியம் ஈட்டுவதற்கு ஏழை வேண்டும் என்ற நிலையில், ஏழ்மை ஒழிய வேண்டும் என்ற விருப்பம் முழுமையானதாக இருக்க முடியாது.

இந்த இடர்ப்பாட்டைப் பழைய அறநூல்கள் அறிந்தே இருந்தன. பாலி மொழிப் பௌத்த நூல்களுள் ஒன்றான கூடதந்த சுத்தம், பெருவேள்வி செய்ய விரும்பும் அரசனுக்கு, உழுபவர்க்கு விதையும், வணிகர்க்கு முதலும், ஊழியர்க்கு ஊதியமும் அளிப்பதே நாட்டின் கேடுகளை நீக்கும் வழி என்று அறிவுரை கூறப்படும் கதையைச் சொல்கிறது. வசதியுள்ள முஸ்லிம்கள் மீது கடமையாக விதிக்கப்பட்ட ஜகாத்தை ஏழைகளின் பங்காகவே இஸ்லாம் கருதுகிறது. ஈகையைப் புகழ்ந்து ஓர் அதிகாரம் பாடிய வள்ளுவர், இரவச்சம் என்ற அதிகாரத்தில், சிலர் இரந்துதான் உயிர்வாழ வேண்டும் என்பது படைத்தவனின் ஏற்பாடு என்றால் அவனே அழியட்டும் என்று சபிக்கும் அளவுக்குச் செல்கிறார். கொடுப்பது உயர்வு, ஆனால் கேட்க நேர்வது இழிவு என்ற இவ்விரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், கேட்காமலே கிடைக்கும்படியான ஓர் ஒழுங்கு அறத்தின் தேவையாகவே வெளிப்படுகிறது.

அத்தகைய ஒழுங்கைச் சட்டமாக்கும் முயற்சி இந்தியாவில் 2001இல் புதிய கட்டத்தை அடைந்தது. இந்திய உணவுக் கழகக் கிடங்குகளில் தானிய இருப்பு 5 கோடி டன்னைத் தாண்டியிருந்த அவ்வாண்டில், மழை பொய்த்த ராஜஸ்தானில் மக்கள் பட்டினி கிடப்பதைச் சுட்டிக்காட்டி, மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்தை நாடியது. உயிர்வாழும் உரிமையைக் காக்கும் அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவில் உணவும் அடங்கும் என்பது மனுவின் சாரம். 2001 நவம்பர் 28இல் பிறந்த இடைக்கால ஆணை, மதிய உணவு உள்ளிட்ட திட்டங்களை அரசு நினைத்தால் நிறுத்திவிடக்கூடிய சலுகைகள் என்ற நிலையிலிருந்து சட்டப்படி கேட்டுப் பெறக்கூடிய உரிமைகள் என்ற நிலைக்கு உயர்த்தியது. கிராமப்புறத்தில் 75 விழுக்காட்டினரையும் நகர்ப்புறத்தில் 50 விழுக்காட்டினரையும் உள்ளடக்கி ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் வழங்கும் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013இல் வந்தது. தமிழ்நாடோ வசதி பார்த்துப் பிரிக்காமல் அனைவருக்குமான பொது விநியோகத் திட்டத்தையே கடைப்பிடித்து வருகிறது. ஏழை என்று நிரூபித்தால்தான் அரிசி என்ற இழிவு அங்கே ரேஷன் கடை வாசலில் பெருமளவு தவிர்க்கப்படுகிறது.

எனினும் உரிமை என்று எழுதிவைப்பதாலேயே பசியாறுவதில்லை. மண்வெட்டி பிடித்துக் கைரேகை தேய்ந்த முதியவரை விற்பனை முனைய இயந்திரம் அடையாளம் காண மறுக்கும்போது, அட்டை அவர் கையில் இருந்தும் அரிசி கடைக்குள்ளேயே இருந்துவிடுகிறது. பிழைப்புக்காக வேற்று மாநிலம் சென்ற தொழிலாளர் பலரின் குடும்ப அட்டை சொந்த ஊரிலேயே தங்கிவிட்டது என்பது 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் அம்பலமாயிற்று. வயிறு நிரம்புவதும் ஊட்டம் பெறுவதும் ஒன்றல்ல என்பதை, 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருப்பதாகக் கண்ட 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வு உணர்த்துகிறது. இவற்றோடு, உரிமையாகத் தரப்பட வேண்டிய அரிசியின் பையில் தலைவர்களின் படம் அச்சிடப்படும்போது, வாசல் வழியே வெளியேற்றப்பட்ட தானம் கொல்லைப்புறமாகத் திரும்பி வந்துவிடுகிறது.

உரிமை போதாமற்போகும் இவ்விடத்தில்தான் சீவகாருணியத்தின், அதாவது பிற உயிரின் துன்பம் கண்டு உருகும் இயல்பின், பங்கு தெளிவாகிறது. அது உரிமைக்கு மாற்றன்று. உரிமையை உரியவரிடம் கொண்டு சேர்க்கும் மனநிலை. கைரேகை பதியாதபோது பதிவேட்டில் கையெழுத்து வாங்கி அரிசியை அளந்து கொடுக்கும் கடைப் பணியாளரிடம் செயல்படுவது அதுவே. மறுபுறம், அருள் தனித்து நின்று செய்ய முடியாததைச் சட்டம் செய்கிறது: பந்தியிலேயே சாதி பார்த்து இலை போட்ட வழக்கம் நீண்டகாலம் நிலவிய நாட்டில், மதிய உணவு சமைப்போரை நியமிக்கும்போது தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று 2004இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அவர்கள் சமைத்ததைத் தம் பிள்ளைகள் உண்ணக்கூடாது என்று பெற்றோர் தடுக்கும் நிகழ்வுகள் இன்றும் செய்தியாகின்றன என்பது அந்த ஆணையின் தேவையையே உறுதிப்படுத்துகிறது.

வினைக் கோட்பாட்டை முற்றிலும் ஏற்பவரும் இந்த முடிவுகளை மறுக்க வேண்டியதில்லை. ஒருவர் தமக்கு நேர்ந்த துன்பத்தைத் தம் வினை என்று எண்ணி மனம் தேறலாம். அடுத்தவரின் பசியை அவருடைய வினை என்று தீர்ப்பெழுத எவருக்கும் அறிவும் இல்லை, அதிகாரமும் இல்லை, ஏனெனில் பசித்தவரின் முற்பிறப்பு எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரிபவை இப்பிறப்பில் நடப்பவை: பூட்டப்பட்ட கிடங்கு, உயராத கூலி, வழங்கப்படாத அட்டை. செய்தவரைச் செயலின் பயன் விடாது என்பதே வினைக் கொள்கையின் உயிர்நாடி என்றால், இன்றைய இந்தியாவில் ஒரு குழந்தை பசியோடு உறங்கச் செல்வது வினைதான். அந்த வினையைச் செய்தவர் அக்குழந்தை அல்லர்.