எட்டடி தூரம்

வண்டியைப் பின்னால் எடுத்தவன் நான்தான். நெய்வேலியில் காலை ஷிஃப்டு. மணியைப் பார்த்தபடியே மொபெட்டை வாசலிலிருந்து இறக்கினேன். சக்கரத்தடியில் ஒரு கிறீச், படபடவென்று இறக்கை அடிப்பு. செவலைக்கோழி துள்ளி எழுந்து, நாலு தத்து தத்தி, வேலியோரம் போய் உட்கார்ந்துகொண்டது. ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்துக்கொண்டு கிளம்பினேன். அப்படி நினைத்துக்கொள்வது சௌகரியமாக இருந்தது.

கோழியிடம் இது ஒரு வில்லங்கம். அடிபட்ட நாய் தெருவையே கூட்டும். கோழி வலியை விழுங்கிக்கொள்ளும். நொண்டுவது தெரிந்தால் பருந்துக்கும் கீரிக்கும் கண்ணில் பட்டுவிடும் என்று அதன் உடம்புக்கே தெரியும். சாயங்காலம் திரும்பியபோது உட்கார்ந்த இடத்திலேயே இருந்தது. தூக்கிப் பார்த்தேன். செதில் போர்த்த மஞ்சள் குச்சிபோல இருக்கும் கணைக்கால், நடுவில் மடங்கித் தொங்கியது. தோல் கிழியவில்லை. வீங்கியிருந்தது, தொட்டால் சுட்டது.

"குழம்பு வெச்சிடலாம்டா, அது ஏன் கஷ்டப்படணும்" என்றார் அம்மா. இரக்கமாகத்தான் சொன்னார். எங்கள் ஊர் வடலூர். வள்ளலாரின் வடலூரிலா கோழிக்குழம்பு என்று கேட்காதீர்கள். தைப்பூசத்தன்று கறிக்கடை மூடியிருக்கும் என்று முதல் நாளே வாங்கி ஃப்ரிட்ஜில் வைக்கிற வீடு எங்களுடையது. கொலையும் புலாலும் விட்டவர்கள் மட்டும் உள்ளே வரவேண்டும் என்று சத்திய ஞான சபையில் எழுதி வைத்திருப்பதைப் படித்துவிட்டு, வெளியிலேயே நின்று கும்பிட்டுத் திரும்புகிறவர்கள்.

என்னைத் தடுத்தது அந்த எழுத்து அல்ல, சக்கரம். திருவாரூர்த் தேர்க்காலில் கன்றைப் பறிகொடுத்த பசுவின் கதையை 1854-ல் 'மனுமுறை கண்ட வாசகம்' என்று உரைநடையாக எழுதியவர் வள்ளலார். மனுநீதிச் சோழன் ஏறி நின்ற உயரமெல்லாம் எனக்கு எட்டாது. நான் முறித்த காலை நானே குழம்பில் போட்டுத் தின்ன மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

கால்நடை மருத்துவர் காட்டிக்கொடுத்தபடி கட்டுப் போட்டோம். அம்மா கோழியைத் துண்டில் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார். கண்ணை மூடியதும் அது அடங்கிவிட்டது. காலை மெல்ல நேராக்கி, பஞ்சு சுற்றி, இரண்டு பக்கமும் ஐஸ் குச்சி வைத்து, மேலே பிளாஸ்திரி. விரல்கள் வெளியே தெரியவேண்டும், அவை சில்லிட்டால் கட்டு இறுக்கம் என்று அர்த்தம், உடனே தளர்த்தவேண்டும் என்றார் மருத்துவர். ஏறக்குறைய மூன்று வாரம். "முட்டை குஞ்சாகிற கணக்குதான், 21 நாள்" என்றார் அம்மா. அரைமணி நேரத்தில் முடிந்தது. பெரிய காரியம் செய்துவிட்ட திருப்தியோடு தூங்கினேன்.

மூன்றாம் நாள் கொண்டை வெளிறிப்போயிருந்தது. கட்டைப் பார்த்தேன், சரியாக இருந்தது. விரல்களில் சூடு இருந்தது. கழுத்தடியில் தீனிப்பையைத் தொட்டபோதுதான் புரிந்தது. இரை மேய்ந்த கோழிக்கு அந்த இடம் சாயங்காலத்தில் தானியம் கட்டிய முடிச்சுபோலக் கனத்திருக்கும். இதற்கு வெறும் தோல். தண்ணீர்ச் சட்டி கிணற்றடியில் இருந்தது, கோழி வேலியோரம். அளந்தால் எட்டடி இருக்கும். நாங்கள் நொய் இறைத்ததும் அங்கேதான். தத்தித் தத்திப் போனாலும் எங்கள் இன்னொரு கோழி கருப்பி விடவில்லை. தலையிலேயே கொத்தி விரட்டியது. அடிபடும்வரை செவலைக்கு வழி விட்டு ஒதுங்கியது அதே கருப்பிதான். கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசை உண்டென்று நூறு வருடத்துக்கு முன் எழுதி வைத்தவர், சிறுவயதிலிருந்தே கோழிகளைக் கவனித்துவந்த நார்வேக்காரர் ஷெல்டெருப்-எப்பே. எங்கள் கிணற்றடியில் அந்த வரிசை இரண்டே நாளில் தலைகீழானது.

கால் முறிந்து கோழி சாகாது. அந்த எட்டடியில்தான் சாகும்.

மறுநாள் முழுக்க, நிலக்கரி போகிற கன்வேயர் பெல்ட்டின் பக்கத்தில் நின்றுகொண்டு இதையே நினைத்தேன். ஜீவகாருண்யத்தைப் பற்றி எழுதுகையில் வள்ளலார் அதை இரண்டாகப் பிரிக்கிறார். பசியைத் தீர்ப்பதும் கொலையைத் தடுப்பதும் மேலான வகை. பிணி, தாகம், பயம் இவற்றை நீக்குவதெல்லாம் அதற்கு அடுத்தது. படித்த காலத்தில் இந்த வரிசை எனக்கு உறுத்தியது. நோயைவிடப் பசி எப்படி முந்தும்? ஜோதியையும் சாகாக்கல்வியையும் பேசிய மனிதர் இந்த ஊரில் முதலில் எழுப்பியது சமையற்கட்டு என்பதும் விசித்திரமாகவே பட்டது. தருமச்சாலை 1867 மே 23-ல் தொடங்கியது. அடுப்பு இன்றுவரை அணையவில்லை. ஞான சபை வந்தது அதற்குப் பிறகு, 1872-ல். சென்னை–கும்பகோணம் சாலையும் கடலூர்–விருத்தாசலம் சாலையும் வெட்டிக்கொள்கிற ஊரில், நடந்து களைத்தவனுக்கு அருகிலேயே சோறு. நோயாளி நோயால் விழுகிறான். விழுந்தபிறகு அவனுக்கும் சட்டிக்கும் நடுவே இருக்கிற தூரம்தான் அவனை முடிக்கிறது. நான் கட்டுப் போட்டுப் பெருமைப்பட்டுக்கொண்டேன். சட்டியை நகர்த்தவில்லை.

தீனிப்பை காலி என்று தெரிந்த அன்றைக்கே கூடையைக் கவிழ்த்து, வைக்கோல் போட்டு, மூக்கருகில் தண்ணீர், கம்பு, நொய். கூடைக்குள் கருப்பி வர முடியாது. இரண்டாம் நாளே தீனிப்பை கனத்தது.

சத்து ஏற வேண்டுமே என்று அம்மா கறையான் பானை போட்டார். சாணியும் கந்தல் துணியும் திணித்து, தண்ணீர் தெளித்து, புற்றோரம் ராத்திரி கவிழ்த்து வைத்தால் விடிகாலையில் பானை நிறைய வெள்ளையாக நெளியும். செவலை ஒன்று விடாமல் பொறுக்கியது. ஓர் உயிரைக் கொன்று இன்னோர் உயிரின் பசியாற்றுவது ஜீவகாருண்யமே ஆகாது என்பது வள்ளலாரின் கண்டிப்பு. அம்மாவிடம் சொன்னேன். "அவரு சொல்லுவாரு, கோழி கேக்குமா?" என்றார். ஆனால் மறுநாள் பானை காலியாகத் திண்ணையில் கிடந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை.

22-ம் நாள் கட்டைப் பிரித்தோம். கால் கொஞ்சம் கோணலாகக் கூடியிருந்தது. இப்போதும் விந்தி விந்தித்தான் நடக்கிறது. நொய் இறைத்தால் எல்லாக் கோழிகளும் பொறுக்கி முடிக்கிற நேரத்துக்குத்தான் வந்து சேரும். அம்மா முறத்தோடு உள்ளே போகாமல் நிற்பார். ஒரு கை இன்னும் மூடியிருக்கும்.