இரண்டாவது முதலீடு

கடலுக்குப் போனவரைச் சரித்திரம் மறப்பதில்லை. அனுப்பி வைத்தவரைத்தான் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1787-இல் பாஸ்டன் வணிகர் ஜோசப் பாரெல் ஐந்து கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு கொலம்பியா, வாஷிங்டன் என்ற இரு கப்பல்களை அமெரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அனுப்பினார். அங்கே கடல் நீர்நாய்த் தோல் வாங்கி, சீனத்துக் கான்டனில் விற்று, தேயிலை ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும் என்பது கணக்கு. 1790-இல் கொலம்பியா உலகையே சுற்றி வந்து சேர்ந்தது. ஊருக்குப் பெருமை, கணக்கேட்டில் நட்டம். கூட்டாளிகளில் சிலர் கழன்றுகொண்டார்கள். பாரெலோ இரண்டு மாதத்துக்குள் அதே கப்பலை மறுபடி அனுப்பினார். முதல் தடவை பணம் போட ஆசை போதும், நட்டப்பட்ட பிறகு போடுவதற்கு யோசனையும் நெஞ்சுரமும் வேண்டும்.

மாலுமி வைத்தது உயிரை, இவர் வைத்தது வெறும் பணம்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். தோல் விற்ற பழங்குடிகள் கொடுத்த விலை அதைவிடப் பெரிது: அந்த இரண்டாம் பயணத்தில்தான் கொலம்பியாவின் கேப்டன் கிரே அவர்களுடைய ஓபிட்சாட் என்ற ஊரையே அழிக்க உத்தரவிட்டார். ஆகவே பாரெலைத் தியாகியாக்க வேண்டாம். துணிந்தவர் என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். 1792 மே மாதம் கிரே நுழைந்த பேராறு இன்றும் கப்பலின் பெயரில் ஓடுகிறது. பாரெலின் பெயர், முதல் பயணத்துக்காகச் செய்த பதக்கத்தின் பின்புறத்தில் இருக்கிறது.